ஐம்பத்துமூன்று வாளும் ஒரு கட்டிலும்

1989 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறை. இருந்தவர்கள்: ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் என் கணவர் லாசரஸ், அவர் தலைக்கு மேலே சுவரில் பதினோரு வாள்கள். அவருக்கு எதிரே இரும்பு நாற்காலியில் என் அண்ணன் சாலமோன், இதற்காகவே செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்தவர். சோபாவில் சம்பந்தியம்மா செல்வமேரி. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டதால் அதில் வேறு யாருக்கும் இடமில்லை. வாசலுக்குப் பக்கத்தில் முக்காலியில் அவர் மகன், எங்கள் மாப்பிள்ளை தாவீது. நான் சாப்பாட்டு மேஜையருகே, நோட்டோடு.

என் மகள் புஷ்பம் வரவில்லை. அவளைப் பற்றித்தான் பேச்சு.

புஷ்பத்துக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வந்தால் படுக்க உள்ளறையில் தேக்குக் கட்டில் ஒன்று இருக்கிறது. அதில் மெத்தைக்குப் பதிலாகப் பழைய போர்வையை விரித்து என் கணவர் பத்தொன்பது வாள்களை அடுக்கி வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு. பீரோ மேல் ஆறு. வாசல் கதவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஐந்து. சுவரிலுள்ள பதினொன்றையும் சேர்த்தால் ஐம்பத்துமூன்று. வீடு முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாடை. மாதம் ஒருமுறை அலகெல்லாம் அந்த எண்ணெயால்தான் துடைக்க வேண்டும். துடைப்பது நான்.

அவர் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கார்ஷெட்டில் சார்ஜ்மேன். இரும்பு அவருக்குக் கைவந்த விஷயம், கோர்வையாக எழுத வராது. எந்த ஊரில் யார் வீட்டில் வாள் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கடிதம் எழுதுவது என் வேலை. பள்ளிக்கூட அலுவலகத்தில் பகலெல்லாம் எழுதிவிட்டு வந்து, சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கார்பன் வைத்து நோட்டில் ஒரு பக்கத்தில் நகல் எடுப்பேன். வந்த பதிலை அதே பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைப்பேன். வாள் வந்து சேர்ந்ததும் பக்கத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிப் பிடியில் நூலால் கட்டுவேன். பதினான்கு வருஷம். இந்த வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு வாளையும் நான்தான் எழுதிக் கூப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன வாரம் அறையைப் பார்க்க வந்த செல்வமேரி அம்மாள் கதவை ஒரு தள்ளுத் தள்ளினார். பின்னாலிருந்த சாக்கு சரிந்து, ஒரு வாள் உறையிலிருந்து நழுவி அவர் காலுக்கு நான்கு விரல் தள்ளித் தரையில் விழுந்தது. தன் ஊரான காட்டாங்குளத்தூர் போய்ச் சேருவதற்குள் அது அவர் காலையே வெட்டிவிட்டதாக ஆகியிருந்தது.

"இது வூடா, இன்னா இது?" என்று போன வாரம் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார். "வயித்துப் புள்ளக்காரிய இங்க கொண்ணாந்து படுக்க வைக்கச் சொல்றீங்களா, சம்மந்தி? கசாப்புக் கடையில கூட இத்தினி கத்தி இல்ல."

"கத்தி இல்ல. வாள்," என்றார் என் கணவர்.

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது. இதெல்லாம் சரித்திரம்."

"சரித்திரம் கால்ல வுழுந்தா ரத்தம் வராதா?"

அண்ணன் சிரித்துவிட்டார். என் கணவர் அவரை முறைத்தார். தாவீது தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் பையில் கொண்டுபோய்த் தபாலில் போட்ட ஒரு போஸ்ட்கார்டு முன்தினம்தான் எனக்கு வந்திருந்தது. புஷ்பத்தின் எழுத்து. "அம்மா, கிணற்றில் முப்பது குடம் இறைக்கச் சொல்கிறார்கள். இடுப்பு விட்டுப்போகிறது. சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்." கார்டை நோட்டுக்குள் வைத்திருந்தேன். வெளியே எடுத்தால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் எடுக்கவில்லை. செல்வமேரி அம்மாளுக்கு வாள்மேல் பயமில்லை. பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாளையும் சேர்த்தால் மூன்று நான்கு மாதம் தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் போகுமே என்றுதான் பயம். அதற்கு என் கணவரின் வாள்கள் வசதியாகக் கிடைத்தன.

"மாப்பிள்ள," என்றார் அண்ணன் என் கணவரிடம், "கட்டிலை மட்டும் காலி பண்ணுங்க. மத்தத அப்புறம் பார்த்துக்கலாம்."

"காலி பண்ணி எங்க வைக்கறது? உங்க தலையிலயா?"

"என் வீட்டுப் பரண்ல வைங்க."

"உங்க பரண்ல எலி இருக்கு, மச்சான். உறையெல்லாம் தோலு. உங்க வீட்ல மனுஷனே ஒழுங்கா இருக்க முடியாது, வாள் இருக்குமா?"

அண்ணன் முகம் கறுத்தது. "அப்ப ஒண்ணு சொல்லுங்க. எத்தனை வந்தா போதும்னு நினைப்பீங்க? அம்பதா, நூறா? ஒரு கணக்கு வேணாமா மனுஷனுக்கு?"

"எண்ணிக்கையில இல்ல அது." என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவர் ரொம்ப நாளாகப் பதில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "ஒரு வாளைக் கையில எடுத்தா, இது எந்த ஊரு, யாரு குடுத்தான், எந்த வருஷம், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கணும். என்னிக்கு ஒண்ணு மறக்குதோ அன்னிக்குச் சேர்த்தது ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு நானே எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடறேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. பரீட்சை வைங்க. எடுத்துட்டு வாங்க."

அண்ணன் எழுந்து சுவரிலிருந்து ஒன்றை இறக்கினார். அவர் சீட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நீட்ட, என் கணவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மூர் மார்க்கெட். எரியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. பழைய பித்தளைக் கடை, காது கேக்காத சாயபு." நோட்டைப் பார்த்தேன். சரி. அண்ணன் உள்ளே போய்ப் பீரோ மேலிருந்து ஒன்று கொண்டுவந்தார். "காஞ்சிபுரம். கலைஞ்சு போன நாடகக் கம்பெனி. இதைப் பிடிச்சவன் பேரு குப்புராஜ், ராஜபார்ட்டு. பிடியில அவன் மோதிரம் உரசின கோடு இருக்கு பாருங்க." கோடு இருந்தது. சரி.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமை என்னையும் கொஞ்சம் தொட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை.

"நா ஒண்ணு எடுக்கறேன்," என்று செல்வமேரி அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்தது ஒரு குட்டை வாள், வளைந்தது, கிளிமூக்குப் பிடி. செத்த பாம்பைத் தூக்குவதுபோல் முந்தானையால் பிடித்திருந்தார். சீட்டை நான் பார்த்தேன். 31.

"வந்தவாசி," என்றார் என் கணவர் உடனே. "பக்தவச்சலம்னு ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். எண்பத்துநாலாம் வருஷம். தாத்தா காலத்து வாள், கண்ணுல தண்ணியோட குடுத்தாரு."

நான் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். பிறகு இருபத்தெட்டாம் பக்கத்தை. பிறகு மறுபடி முப்பத்தொன்றை.

"என்னம்மா?" என்றார் அண்ணன்.

"வந்தவாசி பக்தவச்சலம் குடுக்கலங்க," என்றேன். "இருபத்தெட்டாம் பக்கம். 'இது விற்பனைக்கு இல்லை, இனி எழுத வேண்டாம்'னு பதில் போட்டிருக்காரு. இது உத்திரமேரூர், வேதாசலம்."

"வேதாசலமா? யாரு அது?"

குண்டூசியிலிருந்து கடிதத்தைக் கழற்றி வாசித்தேன். "'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. எங்களிடம் உள்ள வாளை வந்து எடுத்துக்கொள்ளலாம். விலை ஒன்றும் வேண்டாம். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவள் படுக்கும் அறையில் இது இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. வேதாசலம்.'"

தாவீது தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தான். அன்றைக்கு அவன் நேராகப் பார்த்தது அது ஒருமுறைதான்.

"சரி, மாப்பிள்ள," என்றார் அண்ணன். குரலை இறக்கித்தான் சொன்னார். "மறந்துட்டீங்க. தப்பில்ல. வயசாவுது. நீங்களே சொன்ன பேச்சு."

என் கணவர் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. "இவ தப்பா எழுதியிருக்கா."

"அது அவ எழுதினது இல்ல. அந்த ஆளு கையெழுத்து."

"கடிதாசி சரி. அது வேற வாளுக்கு வந்தது. துடைக்கும்போது சீட்டை மாத்திக் கட்டியிருப்பா. எத்தனை சீட்டு இந்த மாதிரி மாறிக் கெடக்கோ! பள்ளிக்கூடத்துல குமாஸ்தா வேலை பார்க்கறவகிட்ட இதைக் குடுத்தது என் தப்பு."

"மாப்பிள்ள!"

"நீங்க சும்மா இருங்க மச்சான். அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சுக்கிட்டு நாடகம் ஆடறீங்களா? அந்த நோட்டை அடுப்புல போடு, சரோ. நான் சொல்றதுதான் கணக்கு. வந்தவாசிதான்."

பதினான்கு வருஷத்தில் நான் ஒரு சீட்டையும் மாற்றிக் கட்டியதில்லை. ஒன்றை அவிழ்த்துத் துடைத்து, அதைக் கட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். இந்த ஐம்பத்துமூன்றில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்பதற்காக என்னைப் பொய்யாக்கினாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நோட்டை மூடினேன்.

செல்வமேரி அம்மாள் வாளைத் தரையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். முகத்தில் தெம்பு வந்திருந்தது. "இது தேறாத கேசு. புஷ்பம் எங்க வூட்லயே இருந்துகினு புள்ளைய பெத்துக்கட்டும். நாங்க இன்னா அவள பட்டினியா போட்டுகினு கீறோம்?"

"அம்மா, அவளால தண்ணி எறைக்க முடியல," என்றான் தாவீது.

"நீ வாய மூட்றா. நா அஞ்சு பெத்தவ. ஒம்போதாம் மாசம் நெல்லு குத்தினேன்."

"சம்மந்தியம்மா," என்றேன். அதுவரை அவரிடம் நான் நேராக ஒன்றும் பேசியிருக்கவில்லை. "கத்திதானே குறை? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற இன்னா இருக்குது? கத்தி இல்லாத வூட்ட காட்டு. மறுநாளே நானே கொண்ணாந்து வுடுறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், எழுதிக்க உன் நோட்டுல."

என் கணவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இந்த வீட்டில் அது நடக்காது என்ற நம்பிக்கை. நான் எழுதிக்கொண்டேன். மணி ஐந்து ஐம்பது. கொடுத்த காபியை அவர் குடிக்காமலே போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை கனகவல்லி. அஸ்தினாபுரத்தில் அவள் வீட்டின் பின் போர்ஷன் மே மாதத்திலிருந்து காலி. போன வாரமே, "உங்க வீட்டுக்காரர் கத்திய நகர்த்த மாட்டாருக்கா. நீங்க நகர்ந்துடுங்க, என் போர்ஷன் சும்மாதான் கெடக்கு," என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். அப்போது சிரித்தேன். திங்கட்கிழமை சாவி கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மத்தியானம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஓர் அறை, சமையல் மூலை, தனிக் குழாய். தண்ணீர் வந்தது. இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மேஜையருகே உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தபோது மணி ஆறு.

"எழுதறியா? நல்லதாப் போச்சு," என்றார் என் கணவர் ஜன்னலோரத்திலிருந்து. முந்தைய நாளைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மடியில் முப்பத்தொன்றாம் வாள். சீட்டை அறுத்து எடுத்திருந்தார். "புதுக்கோட்டையில துரைன்னு ஒருத்தர்கிட்ட ரெட்டை வாளு இருக்காம், ஒரே உறையில. அவருக்கு ஒண்ணு எழுது. மதிப்பிற்குரிய ஐயான்னு ஆரம்பி."

"இது அவருக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

நான் எழுதி முடித்துவிட்டு வாசித்துக் காட்டினேன். என் கடிதத்தை நான் யாருக்கும் ஒளிப்பதில்லை.

"19.6.89. சம்பந்தி ஏசுபாதம் அவர்களுக்கும் செல்வமேரி அம்மாளுக்கும், சரோஜினி எழுதிக்கொள்வது. நேற்று மாலை என் அண்ணன் முன்னிலையிலும் தங்கள் மகன் முன்னிலையிலும், கத்தி இல்லாத வீட்டைக் காட்டினால் மறுநாளே புஷ்பத்தைக் கொண்டுவந்து விடுவதாகச் செல்வமேரி அம்மாள் சொன்னார்கள். அந்த வீட்டின் விலாசம் கீழே உள்ளது. அதில் காய்கறி அரிவாள்மணை ஒன்றைத் தவிர வேறு இரும்பு இல்லை. புதன்கிழமை முதல் நான் அங்கே இருப்பேன். புஷ்பத்துக்கு இனி அதுதான் தாய் வீடு. வியாழன் மாலைக்குள் அவள் வராவிட்டால் வெள்ளி காலை நானும் அண்ணனும் வந்து அழைத்துக்கொள்வோம். இதன் நகல் தங்கள் திருச்சபைப் போதகருக்கும் அனுப்பப்படுகிறது."

"ஊரு சிரிக்கும்," என்றார்.

"சிரிக்கட்டும்."

"புருஷன் வீட்டை விட்டுட்டு வாடகை வீட்ல போய்ப் பிரசவம் பார்ப்பியா? என் பேரு என்ன ஆறது?"

"உங்க பேர் கடிதத்துல எங்கயும் இல்லைங்க. பார்த்துத்தான் எழுதினேன்."

"சரோ, போனா போனதுதான். திரும்பி வந்தா கதவு திறக்க மாட்டேன்."

"கதவை நீங்க திறக்கவே முடியாதே. பின்னால அஞ்சு இருக்கு."

அவர் எழுந்தார். வாள் மடியிலிருந்து தரையில் விழுந்தது. அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து வாளை எடுத்து, அலகில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வைக்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய நோட்டை அவர் நாற்காலிக் கையில் வைத்தேன். ஐம்பத்துமூன்று வாளுக்கும் உள்ள பக்கங்கள் சரியாக இருக்கின்றன. கார்பன் நகல் இரண்டு எடுத்திருந்தேன், ஒன்று போதகருக்கு, ஒன்று புது நோட்டுக்கு, முதல் பக்கம். இரண்டு உறையிலும் விலாசம் எழுதி, கடிதங்களை மூன்றாக மடித்து உள்ளே வைத்தேன். பசை புட்டியில் காய்ந்து போயிருந்ததால் சோற்றுப் பருக்கை எடுத்து நசுக்கித் தடவி, ஸ்டாம்பு ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தினேன்.

"அப்ப புதுக்கோட்டைக்கு யாரு எழுதறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் பெட்டியில் போட்டால் ராத்திரித் தபாலிலேயே போய்விடும். நடந்தே போனேன். பெட்டியின் வாயில் இரண்டு உறையையும் சேர்த்து நுழைத்து, உள்ளே விழுந்த சத்தம் கேட்டதா என்று காதை வைத்துப் பார்த்தேன். கேட்டது.