போர்வைக்கு அடியில்

ஷிப்ட் மாறும்போது நர்ஸுகள் நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் விவரம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில், டுலூத் நகரத்து எங்கள் ஆஸ்பத்திரி புதுச் சட்டம் போட்டதிலிருந்து எனக்கு எரிச்சல். மேசையில் காபி குடித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு எதற்கு இந்த ஊர்வலம்?

அன்று சாயங்காலம் பகல் ஷிப்ட் முடித்த மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள். வெளியே பனி கொட்டியது.

"ஜோலீன், கடைசி ரூம்ல வெர்னாம்மா. தொடை வழியா குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தாங்க. நல்லா இருக்காங்க. தங்கமான மனுஷி, ஒரு தடவைகூட மணி அடிக்கல. இங்கேயே சொல்லிட்டேன், போதும்லடி? ரோட்டை மூடிருவாங்க."

தலைமை நர்ஸ் ரூபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ரெண்டு பேரும் உள்ள போய், கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்துட்டு வாங்க."

"பெரிய துரை!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனோம்.

வெர்னா ஹாக்கி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

போர்வையை விலக்கினேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ரத்தம். விரிப்பு, மெத்தை, எல்லாம் ரத்தம்.

"ஐயோ, கடவுளே!" மார்லிஸ் கோட்டோடு கட்டிலில் ஏறி, இரண்டு கையாலும் தொடையை அழுத்தினாள். நான் அபாய மணியை அடித்தேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் வந்து, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்" என்றார். வெர்னா பிழைத்துக்கொண்டார்.

"ஏம்மா கூப்பிடல?" கத்தியேவிட்டேன். "வலிக்கலையா? ஒண்ணுமே தெரியலையா?"

"சூடா நனைஞ்சுதும்மா. படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன்னு நினைச்சு வெட்கமாப் போச்சு. நீங்களும் வீட்டுக்குக் கிளம்புற நேரம்..."

மார்லிஸ் சுவரோரம் அப்படியே உட்கார்ந்து தேம்பினாள். ஒரு மனுஷி எங்களுக்குத் தொந்தரவு தரக்கூடாதென்று வாயைத் திறக்காமல் செத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்குத் தங்கம் என்று பேர் வைத்திருந்தோம்.

வெர்னா அவளைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "அழாதடி கண்ணு. அந்த விரிப்பை நானே துவைச்சுத் தந்துடறேன்."