ஒரு வினாடியில் விழுந்த பந்து

எங்கள் கல்லூரியில், மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போவதற்கு முன்பே தரையில் விழுந்துவிடும். இதை நம்பாதவர்களுக்குப் பொறியியல் இயக்கவியல் தாளில் பெயில். நான் இரண்டு தடவை நம்பவில்லை.

கணக்கு இதுதான். இருபது மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடியிலிருந்து ஒரு பந்தை, வினாடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். உச்சியை அடைய எவ்வளவு நேரம்? தரையை அடைய எவ்வளவு நேரம்? புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம், காற்றை மறந்துவிடலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. உச்சிக்கு ஒன்றரை வினாடி. தரைக்கு ஒரு வினாடி.

புத்தகத்தை எழுதியவர் எங்கள் துறைத்தலைவர். பந்தோ, பேருந்தோ, சரக்குக் கப்பலோ, எது வந்தாலும் "இதை ஒரு துகளா வச்சுக்குங்க" என்றுதான் தொடங்குவார். அதனால் அவர் துகள் சார். மாணவர்களையும் அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார் என்பது என் சந்தேகம்.

இந்தக் கணக்கின் சமன்பாட்டைத் தீர்த்தால் நேரத்துக்கு இரண்டு விடை வரும்: நாலு, மைனஸ் ஒன்று. நேரம் மைனஸில் வராது என்று சொல்லி, மைனஸ் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலை வைத்துக்கொள்வதுதான் ஊர் உலகத்து வழக்கம். துகள் சாரும் நேரம் மைனஸில் வராது என்றுதான் சொன்னார். ஆனால் நாலை விட்டுவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மைனஸை மட்டும் அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் வந்து போயின. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு அந்தப் பாடத்தை எடுத்த துணைப் பேராசிரியர், துகள் சார் தும்மினாலும் "ஆமாம் சார்" என்பவர். அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆமாம் சார் கரும்பலகையில் மைனஸை அடிப்பதைத் தனியாக ஒரு படியாகவே சொல்லிக்கொடுத்தார். அதற்கு மட்டும் இரண்டு மதிப்பெண். மாணவர்களும் விடையைப் பின்பக்கத்தில் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏறி வந்து கணக்கை முடித்தார்கள். கணக்கு வராதவர்களுக்கும் இது மட்டும் வரும். எனக்கு மற்றதெல்லாம் சுமாராக வரும். இது மட்டும் வராது. துகள் சாருக்கு இது செல்லக் கணக்கு என்பதால் எல்லாத் தேர்விலும் பதினாறு மதிப்பெண்ணுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது நான் கடைசி ஆண்டு. மின்தூக்கி செய்யும் நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் முதலாண்டுப் பாக்கி ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். தேர்வுக்குக் கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்ற தங்கை, இந்தத் தடவையும் நாலுதானா என்று கேட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏண்டி, ஒண்ணுன்னு எழுதிட்டு வந்தா உன் கை என்ன தேஞ்சா போயிடும்? அவங்க என்ன கேக்குறாங்களோ அதை எழுதித் தொலையேன்."

எழுதித் தொலைக்க வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. உச்சிக்கு ஒன்றரை வினாடி என்று எழுதினேன். அடுத்த வரியில் தரைக்கு ஒரு வினாடி என்று எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது; அதே பந்து கீழே கிடக்கவும் வேண்டும். என்னால் முடியவில்லை. நாலு என்று எழுதி, கோபத்தில் அடிக்கோடு வேறு போட்டேன்.

மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.

மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுத்தேன். துகள் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஆமாம் சார் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடம் இத்தனை பேர் போட்ட கணக்கு உனக்கு மட்டும் எப்படித் தப்பாகப் போயிற்று என்று கேட்டார் துகள் சார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நம் கட்டிடமே இருபது மீட்டர்தானே சார், ஒரு பந்தை எறிந்து பார்த்துவிடலாமே என்றேன். அவருக்கு அதில் கொஞ்சமும் தயக்கமில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம். அவர் தன் புத்தகத்தை மனதார நம்பினார்.

மறுநாள் காலையில் கல்லூரியே வாசலில் கூடிவிட்டது. மாடியில் நிறுத்தக் கடிகாரத்தோடு துகள் சார். அவர் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர், கிரிக்கெட் பந்தோடு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னால் துறைக்கு ஒரு உபயோகம் கிடைத்த மகிழ்ச்சியில் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கீழே பந்து விழும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். விழுந்த பந்தை எடுக்கும் பொறுப்பு ஆமாம் சாருக்கு. அவர் முகப்புக் கூரைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில்.

பந்து மேலே போனது. "ஒண்ணு" என்று மாடியிலிருந்து துகள் சாரின் குரல் கேட்டது.

"ஒரு செகண்ட் ஆயிடுச்சு சார். போய் எடுங்க" என்றேன்.

"இரும்மா, இன்னும் வரல" என்றார் ஆமாம் சார். இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன.

பந்து தன் வேலையை முடித்துக்கொண்டு, நிதானமாக வந்து சுண்ணாம்பு வட்டத்தை ஒட்டி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. ஆமாம் சார் மட்டும் தட்டவில்லை. தான் சொன்னது மாடிக்குக் கேட்டிருக்குமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் விவரம். மதியம் துறைக் கூட்டம் கூடியது. காற்றைக் குறை சொன்னார்கள். விளையாட்டு ஆசிரியரின் தோளைக் குறை சொன்னார்கள். எறிந்தது பந்துதானே, துகள் இல்லையே என்றுகூட ஒருவர் சொன்னாராம். கடைசியில் துகள் சார் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டு உண்மையைக் கண்டுபிடித்தார். அதே மாடியிலிருந்து அதே வேகத்தில் பந்தைக் கீழ்நோக்கி எறிந்தால், ஒரே வினாடியில் தரைக்கு வந்துவிடும். ஆக, விடை எப்போதுமே சரி. கேள்வியில்தான் அச்சுப்பிழை. 'கீழே' என்பது 'மேலே' என்று விழுந்துவிட்டது.

கேள்வி தப்பு என்றால், அதைத் தொட்ட எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்பது விதி. ஒன்று எழுதியவர்களுக்கும் பதினாறு. நாலு எழுதிய எனக்கும் பதினாறு. நான் பாஸ். விடைத்தாளைப் பார்க்கக் கொடுத்தார்கள். மேலே பதினாறு, உள்ளே என் நாலின்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அதை மட்டும் அடித்துவிட்டு ஒரு டிக் போடுங்கள் சார் என்று கேட்டேன். மார்க்குதான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு டிக் என்றார் ஆமாம் சார். வேலை கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த வருடம் தங்கை அதே கல்லூரியில், அதே துறையில் சேர்ந்தாள். புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. முன்னுரையில், பிழையைச் சுட்டிக்காட்டிய மாணவிக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் தங்கை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இந்தப் பந்துக் கணக்கு எனக்கு ஒண்ணுன்னுதான் வருது. பின்னாடி நாலுன்னு போட்டிருக்கு."

பிடுங்கிப் பார்த்தேன். துகள் சார் சொன்ன சொல் தவறவில்லை. கேள்வியில் 'மேலே'வை எடுத்துவிட்டுக் 'கீழே' என்று திருத்தியிருந்தார். ஆமாம் சாரும் சும்மா இருக்கவில்லை. பந்து விழுவதைப் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தவர் அல்லவா? தன் பங்குக்கு விடையில் இருந்த ஒன்றை நாலாகத் திருத்தியிருந்தார். கீழே எறிந்த பந்து இப்போது நாலு வினாடி அந்தரத்தில் தொங்குகிறது. சமன்பாட்டில் ஒன்று, மைனஸ் நாலு என்று இரண்டு விடை வருவதால், மைனஸை அடிக்கும் படிக்கும் குறைவில்லை.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு வருவதுதான் சரி என்று சொல்லிவிடலாம். அதற்கப்புறம் அவளுக்கும் மூன்று வருடம் ஆகும்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நாலுன்னே எழுதித் தொலையேன். உங்க அக்கா அதை எழுதித்தானே பாஸ் பண்ணினா."