ஏழு உதையும் ஒரு வீணையும்

அன்று மாலை இராஜபாளையம் வாசகசாலை மாடியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு "நானும் இருந்தேன்" என்று சொல்லித் திரிந்தவர்களை எல்லாம் அந்த மாடி தாங்கியிருக்காது. ஜமுக்காளத்தில் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்: வயலின் அம்புஜவல்லி டீச்சர், வீணை வஞ்சுளவல்லி, கடம் ஜயலக்ஷ்மி. கேட்க வந்தவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜரத்தினம், மில் கணக்கர் ஜகந்நாதன், நர்ஸ் கருத்தம்மா, வாசகசாலைச் சாவிக்குப் பொறுப்பான காசிராஜன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தவர்கள்: ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் சேதுபதி, அவர் மனைவி பாலம்மாள், சேதுபதியின் அக்கா குருவம்மாள். அவ்வளவுதான்.

வருஷம் 1988. அம்புஜவல்லி டீச்சர் தன்னிடம் இசை படித்த பெண்களைக் கொண்டு அந்த மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு சின்னக் கச்சேரி நடத்திவந்தார். மைக் கிடையாது. பாட்டுக் கிடையாது, வாத்தியம் மட்டும்தான். வாசிப்பது பழைய கீர்த்தனையாக இருக்கக் கூடாது. ஒரு பெண் புதிதாக ஆக்கியதாக இருக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஆக்கியவர் பெயரை டீச்சர் சொல்வார். பாதியில் ஓர் இடைவேளை வரும். அப்போது ஆக்கியவர் எழுந்து நின்று, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் கருத்தம்மா அய்யனார் கோவில் அருவியை இசையாக ஆக்கியிருந்தார். மழைக்கால அருவியா, கோடைக்கால அருவியா என்று ராஜரத்தினம் அரைமணி நேரம் விசாரித்தார்.

மூன்றாவது சனிக்கிழமைக்கான நோட்டீஸ் ஊரில் ஒட்டப்படும் முன்பே வீட்டுக்கு ஒரு பிரதி வந்தது. அதில் 'பாலம்மாள் சேதுபதி' என்று அச்சாகியிருப்பதை சேதுபதி பார்த்தார். அவர் மனைவி வீணை வாசிப்பது அவருக்குத் தெரியும். மகாராஜபுரத்திலிருந்து கல்யாணமாகி வரும்போதே வீணையும் கூட வந்தது. அது வீட்டுக்குள் இருக்கிற விஷயம். நாலு பேர் வாயில் வீட்டுப் பெண் பெயர் விழுவது வேறு விஷயம். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துப் பெண்கள் பெயர் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் அச்சானதில்லை. மறுநாளே அவர் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எங்க வீட்டுப் பொம்பளை பேரு வெளிய வரப்படாது. நோட்டீஸ மாத்துங்க."

"அப்ப வாசிக்க வேண்டாமா சார்?"

"வாசிங்க, நான் ஒண்ணும் தடுக்கல. பேரு மட்டும் யாரும் சொல்லப்படாது."

"உங்களுக்குச் சம்மதம்னா எனக்கென்ன," என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "சரிங்க," என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்த ஆளைப் பணிக் காலத்தில் அவர் இரண்டு நாள் ஸ்டேஷனிலேயே உட்கார வைத்திருப்பார். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

ஆகவே அன்று டீச்சர், "இன்றைய இசைக்குப் பெயர் 'காலை'. ஆக்கியவர் ஒரு பெண்மணி. பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்," என்று மட்டும் சொல்லி வில்லை எடுத்தார். கடைசி வரிசையில் சேதுபதி முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். மரியாதை காப்பாற்றப்பட்டுவிட்டது.

வீணையின் அடித்தந்தி மூன்று தடவை உறுமியது. கடைசி உறுமல் மலையேறுகிற லாரி மாதிரி இழுத்தது. சேதுபதிக்கு எங்கோ கேட்ட சத்தமாகப் பட்டது. அவர் யோசித்தபடியே தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவை. கடைசியை இழுத்து.

முன் வரிசையில் ஜகந்நாதன் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து வயலின் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தது. கொப்பளித்துத் துப்பவும் செய்தது. பிறகு கடத்தில் பூட்ஸ் கால் நடந்தது, வயலின் இரண்டே சுரத்தில், "எங்க? எங்க?" என்று எதையோ தேடியது, வீணை ஒவ்வொரு தடவையும் ஒரே சுரத்தில் பதில் சொன்னது. தினமும் காலையில் வண்டிச் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். தினமும் அவள்தான் சொல்வாள்.

ஜயலக்ஷ்மி கடத்தை வயிற்றோடு அணைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டம். ஒரு சின்ன முனகல், பிறகு அடங்கியது. மறுபடி டம். மறுபடி முனகல்.

"ஏ, இது நம்ம இன்ஸ்பெக்டர் புல்லட்டுல்லா!" என்றார் ஜகந்நாதன்.

சேதுபதி இராஜபாளையத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் புல்லட்டுக்குக் கடைத்தெருவே வழிவிட்டதுண்டு. உதைக்கு ஒரு சிரிப்பு எழுந்தது. காசிராஜன் விரல்விட்டு எண்ணினார். ஏழாவது தட்டில் வண்டி கிளம்ப, மூன்று வாத்தியமும் தடதடவென்று ஓடி நின்றன. இடைவேளை.

சேதுபதி அசையவில்லை. ஒரு வண்டியைப் பார்த்துச் சிரிப்பதால் குடும்பம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் குருவம்மாள் அவர் காதருகே குனிந்தாள்.

"ஏலே தம்பி, வண்டிச் சத்தம் ஊருக்கே தெரியும். நீ வாய் கொப்பளிக்கிற சத்தம் யாருக்குலே தெரியும்?"

"என்னக்கா?"

"சாவி தேடுறது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா. பேரு சொல்லப்படாதுன்னு வேற கேட்டிருக்கா. யாருலே அவ?"

சேதுபதி சுற்றிலும் பார்த்தார். முன்னால் கருத்தம்மாவின் முதுகு மட்டும் காது கொடுத்துக் கேட்டது. நர்ஸ் கேட்டால் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிறவர்களும் கேட்பார்கள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அக்காகிட்டச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல? பேரு வெளிய வரப்படாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"அக்கா வெளியாளா?"

"சொன்னா மதினி சத்தமால்ல திருப்பிக் கேப்பாக. எல்லாத்துக்கும் கேட்டுரும். குடும்ப மானம் என்னத்துக்காகும்?"

ராஜரத்தினம் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆக்கியவர் யாராக இருந்தாலும், இவ்வளவு நெருக்கமாகக் கவனித்திருக்கிறாரே, எத்தனை வருஷப் பழக்கம் என்று தெரிந்துகொள்ளலாமா?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க," என்றாள் குருவம்மாள். "இல்லேன்னா நான் எந்திரிச்சுக் கேக்கேன்."

சேதுபதி எழுந்தார். அணிவகுப்பில் நிற்பதுபோல் குதிகால் இரண்டும் சேர்ந்தன.

"பாலம்மாள்! மகாராஜபுரம்! என் சம்சாரம்! முப்பத்தோரு வருஷம்!" மாடி அதிர்ந்தது. "ஆக்குனது அவதான். வேற ஒருத்தியும் கெடையாது. யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. கீழே தேங்காய்க் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்ததாகக் காசிராஜன் சொன்னார்.

"இனிமே நோட்டீஸ்ல பேர் போடலாமா சார்?" என்றார் டீச்சர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"பெரிய எழுத்துல போடுங்க."

பாலம்மாள் எழுந்து கும்பிட்டாள். கேள்விக்குப் பதிலும் சொன்னாள். கடத்தில் ஏழு உதை ஏன் என்று ஜகந்நாதன் கேட்டதற்கு, "ஏழு எண்ணிக்கைத் தாளம்ணே, அதுக்காக," என்றாள்.

பிற்பாதி தொடங்கியது. புல்லட் தூரத்தில் போய் மறைந்தது. வீட்டில் யாருமில்லை, வீணை மட்டும். பிரிவுத் துயரம் வரும் என்று சேதுபதி முகத்தை அதற்குத் தயார் செய்துகொண்டார். வந்தது கும்மாளம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வீணை மேலும் கீழும் ஓடியது.

"நான் போன பொறவு வீட்ல இம்புட்டுச் சந்தோஷமா?"

"செத்த நேரம் பேசாமக் கேளுங்க."

கேட்டார். ஓட்டத்துக்கு நடுவே வீணை அடிக்கடி நின்றது. நின்று காது கொடுத்தது. கடைசியில் வெகு தூரத்தில் கடம் மெல்லத் தடதடத்தது. வீணை அடித்தந்திக்கு இறங்கி, அவருக்கு முன்னால் தானே ஒரு தடவை கனைத்து, முடித்தது.

சேதுபதி கனைக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் குருவம்மாள், "நீங்க ரெண்டு பேரும் வண்டில போங்க, நான் பஸ்ல வாரேன். எனக்கு அந்த உதையெல்லாம் எண்ண முடியாது," என்றாள். பாலம்மாளைப் பின்னால் உட்கார வைத்து சேதுபதி வண்டியில் ஏறினார். மாடி ஜன்னலில் அத்தனை தலையும் இருந்தது.

அன்று வண்டி ஏழாவது உதையில்தான் கிளம்பியது என்றும், ஜன்னலில் இருந்தவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள் என்றும் ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. மூன்றாவது உதையில் கிளம்பியது.