படகுக்குப் பிரேக் கிடையாது

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி ஹாலில் படம் போடுவார்கள். பார்க்க வருகிற பதினைந்து பேரும் மனநல ஆலோசகர்கள். படம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, படத்தில் வருகிற ஆளின் மனசு ஏன் அப்படிப் போனது என்று பேசுவார்கள். நாற்காலி போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, டீ ஊற்றிக் கொடுப்பது ஞானபாக்கியத்தின் வேலை. இருபது வருடம் மலையில் ஏலக்காய் எடுத்த உடம்புக்கு இதெல்லாம் வேலையே இல்லை என்பாள். முட்டிதான் ஒத்துக்கொள்ளாது.

அந்த மாதம் புருஷனையும் கூட்டி வந்திருந்தாள். ஏசுதாசன் ராயப்பன்பட்டியில் ஜீப் ஓட்டியவன். விடிவதற்குள் ஆட்களை ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களில் இறக்கி, சாயந்தரம் திருப்பிக் கொண்டுவருவான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அங்கேயே செத்துப்போனாள். எதிரே லாரி வந்தது, ஒதுங்கினேன் என்று போலீசில் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். ஞானபாக்கியமும் நம்பினாள்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தெருவில் ஜீப் ஹாரன் கேட்டால் போர்வைக்குள் நடுங்கினான். அதற்காகவே ஊரை விட்டு இங்கே வாடகைக்கு வந்தார்கள். இங்கேயும் தூக்கமில்லை, பேச்சில்லை. தட்டில் போட்ட சோறு காய்ந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். வீட்டில் எலிமருந்து வைப்பதை ஞானபாக்கியம் நிறுத்திவிட்டாள்.

கூட்டத்தை நடத்துகிற நசீமா உத்தமபாளையத்துப் பெண். "ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாங்கக்கா, பேசிப் பாக்குறேன்" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் போய்ச் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமாடி?" என்பான். அதனால் இந்த முறை நாற்காலி தூக்க ஆளில்லை என்று பொய் சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

அன்றைக்கு மலையாளப் படம். ஒரு படகுக்காரனின் கதை. படத்துக்கு அடியில் தமிழ் எழுத்து வரவேண்டும், வரவில்லை. நசீமா கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"ஊமைப்படமாப் பாத்துட்டு ஊமையாவே பேசிட்டுப் போவோமா மேடம்?" என்றார் சுந்தர்ராஜ். அவரும் ஆலோசகர்தான், ஆண்டிபட்டிக்காரர், எதையும் கேலியாகத்தான் பேசுவார்.

ஞானபாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவுகளுக்கு மலையாளம் நல்லா வரும். அந்தப் பக்கமே கெடந்து ஓட்டுனவுக."

ஏசுதாசன் அவளை முறைத்தான். ஆனால் பதினைந்து தலை திரும்பிப் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகச் சொன்னான். போகப் போகப் பேச்சு தடையில்லாமல் வந்தது. படகுக்காரன் 'நான்' என்றால் இவனும் 'நான்' என்றான். பின்வரிசையில் டீ கேனுக்குப் பக்கத்தில் நின்ற ஞானபாக்கியம், இந்த மனுசன் இத்தனை பேச்சுப் பேசி எத்தனை நாளாச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

பாதிப் படத்தில் படகு கவிழ்ந்து மூன்று பேர் போய்விடுகிறார்கள். போலீஸ்காரன் விசாரிக்கிறான். படகுக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "காற்று வந்நு" என்கிறான். அவ்வளவுதான். அதற்குமேல் வாயே திறக்கவில்லை.

ஏசுதாசன் சொன்னான்: "ஒம்பது பேர் ஏத்த வேண்டியதுல பதினாலு பேர ஏத்துனேன்."

டம்ளர் துடைத்துக்கொண்டிருந்த ஞானபாக்கியத்தின் கை நின்றுபோனது. அவளுக்கும் மலையாளம் தெரியும். அப்படி ஒரு வார்த்தை படத்தில் இல்லை. தடுத்தால் பதினைந்து பேர் முன்னால் மானம் போகும். தடுக்காவிட்டால் என்ன வருமோ. டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள்.

"முந்தின நாளே பிரேக் சரியாப் பிடிக்கல," என்றான் ஏசுதாசன். "தெரிஞ்சேதான் எடுத்தேன்."

"படகுக்கு ஏதுங்க பிரேக்கு?" என்றார் சுந்தர்ராஜ். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

நசீமா படத்தை நிறுத்தினாள். திரையில் படகுக்காரன் குனிந்தபடியே நின்றான். ஏசுதாசன் எழுந்திருக்கப் பார்த்தான்.

சுந்தர்ராஜ் இந்தத் தடவை கேலி இல்லாமல், "அண்ணே, நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"சார், இங்கன ரூல் என்ன?" என்றாள் நசீமா. "படத்துல உள்ள ஆளப் பத்தி மட்டுந்தான் பேசணும். வேற யாரப் பத்தியும் பேசக்கூடாது."

அது அவர்கள் வைத்திருந்த சட்டம். தங்களிடம் வருகிறவர்களின் கதை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. நசீமா ஏசுதாசன் பக்கம் திரும்பினாள்.

"உக்காருங்கண்ணே. அந்தப் படகுக்காரர் போலீஸ்ல ஏன் காத்துன்னு சொன்னாரு?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

"உண்மையச் சொன்னா ஊருல இருக்க முடியாதுல்ல."

"சொல்லாம இருந்தப்ப இருக்க முடிஞ்சதா?"

"இல்ல. அவரால அங்கன இருக்க முடியல."

"வீட்டுலயாச்சும் சொன்னாரா?"

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அவளும் அந்தப் படகுலதான் தெனம் போவா. அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்துட்டா. அவ எடத்துல முத்துலட்சுமி உக்காந்துச்சு."

படத்தில் முத்துலட்சுமி என்று யாரும் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஞானபாக்கியம் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்தான். ஒன்றரை வருடத்தில் அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"இப்ப அந்தப் படகுக்காரருக்கு என்ன வேணும்ணே?" என்றாள் நசீமா.

"அந்தப் பிள்ளையோட வீட்டுல போயி சொல்லணும். அடிச்சாலும் சரி."

"தனியாப் போகணுமா?"

ஏசுதாசன் பின்வரிசையைப் பார்த்தான். ஞானபாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காய்ச்சக்காரியும் கூட வருவா" என்றாள்.

அன்று மீதிப் படத்தைப் போடவில்லை. ஆலோசகர்கள் டீயைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சுந்தர்ராஜ் தன் நாற்காலியைத் தானே மடக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஏசுதாசன் நாலு நாலு நாற்காலியாகத் தூக்கி அடுக்கினான். நசீமா பக்கத்தில் போய் நின்றாள்.

"அவங்க வீட்டுக்குப் போறதுக்கு முந்தி திங்கக்கிழமை என் ரூமுக்கு ஒருக்கா வாங்கண்ணே. எப்படிப் போறது, என்ன பேசுறதுன்னு பாப்போம்."

"அங்கயும் படம் போடுவீகளா?"

"படம் கெடையாதுண்ணே. நீங்க, நான், வேணும்னா அக்கா."

அவன் கடைசி நாற்காலியை அடுக்கின்மேல் வைத்து ஆடாமல் சரி செய்தான்.

"எத்தனை மணிக்கு?" என்றான்.