உடைத்தால் சிவப்பு

வண்டியில் ஏற்றும்போது சூளைக் கல் ஒன்று கூலிக்கு வந்த சுடலைமாடத்தியின் கையிலிருந்து நழுவி, சக்கரத்தின் இரும்புப் பட்டையில் மோதி இரண்டாக விண்டது. பதறிப்போன அவளை விலக்கிவிட்டு ஏசம்மாள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். வெளிப்புறம் வடித்த கஞ்சி மாதிரி வெள்ளை. விண்ட இடத்தில் கல் செக்கச்செவேலென்று இருந்தது. கூரை ஓட்டின் சிவப்பு. வெள்ளை, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மேல்பூச்சு மட்டும்தான்.

அவள் அடுக்கிலிருந்து இன்னொரு கல்லை உருவிச் சுத்தியலால் தட்டினாள். அதுவும் சிவப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, கிருஷ்ணன்கோவில் சாலையை ஒட்டி இருந்த அந்தச் சூளை அவளுடைய கணவன் ஜெபதுரை போட்டது. பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவனைப் பற்றிப் போன மழைக்காலத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அவனுடைய அண்ணன் கிறிஸ்துராஜ் மேற்பார்வை என்று வந்து உட்கார்ந்துகொண்டார். மண் பிசைவது, அச்சில் அறுப்பது, காய வைப்பது, தீப் பார்ப்பது எல்லாம் ஏசம்மாளும் கூலிப் பெண்களும். போன மாதம் தங்கச்சியின் பிரசவத்துக்கென்று சேத்தூர் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் கல் வெந்து, ஆறி, வண்டியும் வந்து நின்றது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பாய்லர் அடுப்புக்கு வேண்டிய கல் அது. அடுப்புக்கு மேலே வளைவாகக் கட்டுகிற கல் சீமையிலிருந்துதான் வரும். சண்டை வந்ததும் கப்பல் நின்றது. பழைய வளைவு விரிசல் விட்டது. மில்லின் இன்ஜினியர் நரசிம்ம ராஜா சூளை சூளையாக அலைந்து கடைசியில் இங்கே வந்தார். மலையடிவாரத்து ஓடையில் கிடைக்கிற வெளுத்த மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது தாங்கும் போல இருக்கேம்மா" என்றார். அன்றைக்கு ஏசம்மாள் அவரிடம் கேட்டாள், ஒரே தீயில் வெந்தும் ஒரு கல் ஏன் சிவக்கிறது, ஒரு கல் ஏன் வெளுக்கிறது என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். மண்ணுக்குள் இரும்பு இருக்கிறது. அது சூட்டில் துருவேறிச் சிவக்கிறது. இரும்பு கூடக்கூட நிறம் ஏறும், குறைந்தால் சந்தனமாகவோ வெள்ளையாகவோ நிற்கும். காற்றுப் போகாமல் புகை அடைந்தால் கறுக்கும். "நெறத்துக்காகச் சொல்லலம்மா. இரும்பு உள்ள கல்லு பாய்லர் சூட்டுல பாகு மாதிரி எளகும். மேல வளைவு எளகினா கீழ நிக்கிறவன் கதி என்ன ஆகும்?" என்றார்.

கீழே நிற்கிறவன் வீரணன். சுடலைமாடத்தியின் புருஷன். அந்த அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை அவனுக்கு.

ஏசம்மாள் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கிறிஸ்துராஜிடம் போனாள். அவர் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், இது என்ன மண்ணு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒளிக்கவில்லை. "ஓடை மண்ணு பத்தல. கண்மாய் மண்ணு கலந்தோம். மேல வெள்ளை மண்ணக் கரைச்சுப் பூசியாச்சு. வெள்ளையாத்தான கேட்டான்? வெள்ளையாத்தான இருக்கு."

"உள்ள செவப்பு."

"உள்ள யாருட்டி பாக்கப் போறா? கட்டி முடிச்சிட்டா உள்ளயும் வெளியயும் ஒண்ணுதான்."

"தீ பாக்கும்லா அத்தான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வண்டி இப்பக் கெளம்பணும். நீ போயி சோத்தப் பொங்கு."

அவள் சோறு பொங்கப் போகவில்லை. வண்டியில் கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். வண்டிக்காரர் சங்கையா கிறிஸ்துராஜைப் பார்த்தார். ஊர் பார்க்கத் தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இறக்க அவரால் முடியவில்லை. "போய்த் தொலையட்டும், மில்லு வாசல்ல எறக்கிவிடு" என்று சொல்லிவிட்டு, தானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மேற்கே மலை கூடவே வந்தது. தான் செய்யப்போவது என்ன என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. அந்தக் கல் அந்த அடுப்புக்குள் போகக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மில் முற்றத்தில் மானேஜரும் நரசிம்ம ராஜாவும் நின்றிருந்தார்கள். மானேஜர் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பால் மாதிரில்ல இருக்கு! சீமைக்கல் தோத்தது போங்க."

ஏசம்மாள் இறங்கினாள். ஒரு கல்லைத் தூக்கித் தரையில் கிடந்த தண்டவாளத் துண்டின்மேல் போட்டாள். பிறகு இன்னொன்று. நடு அடுக்கிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. முற்றமெல்லாம் சிவப்புச் சில்லுகள் தெறித்தன.

"ஏமம்மா இது?" என்று பதற்றத்தில் தெலுங்கு கலந்து கேட்டபடி நரசிம்ம ராஜா ஓடி வந்தார். ஒரு சில்லை எடுத்து நகத்தால் பூச்சைச் சுரண்டினார்.

"கண்மாய் மண்ணு கலந்திருக்குங்கய்யா. மேல பூச்சு."

கிறிஸ்துராஜ் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். "பொம்பளப் பேச்சு. ரெண்டு கல்லு அப்படி இப்படி இருக்கும்."

மானேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். பட்டாளத்துக் கூடாரத் துணிக்கு நூல் போயாக வேண்டும், மேலே இருந்து நெருக்குகிறார்கள். "வந்ததை வச்சுக் கட்டுங்க ராஜா. ரெண்டு மாசம் ஓட்டுவோம். பொறவு பாத்துக்கிடலாம்."

நரசிம்ம ராஜா கையிலிருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வார்த்தை வரவில்லை. அவருக்கும் வேலை இருக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருந்தன. அவர் முகத்தில் ஓடியதை ஏசம்மாள் பார்த்தாள். கோபம் வரவில்லை, வேறொன்று வந்தது. கொதிக்கிற உலை மூடியைத் தள்ளுவது போல.

"நீங்க கட்டுறீங்களோ இல்லியோ, நான் குடுக்கல" என்றாள்.

"நீ யாரு குடுக்காம இருக்க?" என்றார் கிறிஸ்துராஜ்.

"சூளை எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவிய வர்ற வரைக்கும் நாந்தான் அவிய. சங்கையாண்ணே, வண்டியத் திருப்புங்க."

சங்கையா மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக் கதவு அன்றைக்கே அவளுக்கு அடைபட்டது. பாயையும் சட்டியையும் கிறிஸ்துராஜ் வாசலில் எறிந்திருந்தார். அவள் அவற்றை எடுத்துக்கொண்டு சூளைக் கொட்டகைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் பாட்டை மட்டும் மற்ற நாளைவிட உரக்கப் பாடினாள்.

மறுநாள் காலையில் சுடலைமாடத்தி வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை.

"எக்கா, பாய்லர் நின்னுபோச்சு. அவுக வீட்ல குத்த வச்சிருக்காக. சூளையிலயும் வேல இல்ல. நீ நல்லவளா இருக்கதுக்கு எம் புள்ளைக வயித்துலயா அடிக்கணும்?"

ஏசம்மாளுக்குச் சுரீரென்றது. பதில் சொல்லலாம். உன் புருஷன் தலைக்கு மேலேதான் அந்த வளைவு வந்திருக்கும் என்று சொல்லலாம். அவளுக்கு அது தெரியாமலா பேசுகிறாள்? பசியும் உண்மைதானே. கடைசியில், "ஓடைக்கு மண்ணு வெட்டப் போறேன். வாறியா?" என்று மட்டும் கேட்டாள்.

சுடலைமாடத்தி தலைத்துணியை உதறிச் சும்மாடு கட்டினாள். "கூலி?"

"கல்லு வெல போனாத்தான். போகலன்னா ரெண்டு பேருக்கும் இல்ல."

"நல்ல மொதலாளிதான் போ" என்று முனகிக்கொண்டே கூடையை எடுத்தாள்.

வெளுத்த மண் அடியாழத்தில் கிடந்தது. சிவப்பு ரேகை ஓடிய கட்டிகளைக் கையால் பொறுக்கி எறிந்தார்கள். மாதிரிக்கென்று முன்பு ஓடை மண்ணில் சுட்ட கல்லின் உடைசலை இடித்துத் தூளாக்கிக் கலந்தார்கள், சூட்டில் வெடிக்காமல் இருக்க. மூன்றாம் நாள் வீரணனும் வந்து மண் மிதித்தான். வேலமரக் கட்டையாகப் போட்டு, ஏசம்மாள் கண் எரிய எரியத் தீப் பார்த்தாள். ஒரு மூலையில் காற்றுத் துவாரம் தூர்ந்துபோனது தெரியாமல் போயிற்று.

சூளை பிரித்த அன்று கிறிஸ்துராஜும் வேடிக்கை பார்க்க வந்தார். தூர்ந்த மூலையில் இருந்த கற்கள் கறுத்திருந்தன. மற்றவை மங்கிய சந்தன நிறம், மேலெல்லாம் தவிட்டுப் புள்ளிகள். ஒன்றுகூட வெள்ளை இல்லை.

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரில்லா இருக்கு" என்றார். "இதக் கொண்டுபோயா மில்லுல காட்டப் போற?"

"இதத்தான்." கறுத்ததை ஒதுக்கிவிட்டு மற்றதை அவள் வண்டியில் ஏற்றினாள்.

மில் முற்றத்தில் மானேஜரின் முகம் சுருங்கியது. "வெள்ளையா இல்லியேம்மா."

"வெள்ளை வேணும்னா சுண்ணாம்பு வாங்கி அடிங்கய்யா. என் கல்லு இந்த நெறந்தான். உடைச்சுப் பாருங்க, உள்ளயும் இதுதான்."

நரசிம்ம ராஜா தானே சுத்தியலை எடுத்து உடைத்தார். வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே. புள்ளிகளை விரலால் தடவினார். "இரும்பு இருக்கு. கொஞ்சந்தான். நிக்கும்னு நெனைக்கேன்." பிறகு மானேஜர் பக்கம் திரும்பி, போன தடவை சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, "நிக்கலன்னா எம் பொறுப்பு. ஆனா அந்தச் செவப்புக் கல்ல நான் எப்பவும் கட்ட மாட்டேன்" என்றார். மானேஜர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கொத்தனார் வேலையைத் தொடங்கினார். கல் போதவில்லை. மீதிக்குப் பழைய வளைவில் பழுதில்லாத சீமைக்கற்களைப் பிரித்துச் சேர்த்துக் கட்டினார்கள்.

ஈரம் காய்ந்து தீ மூட்டிய அன்று ஏசம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். பாய்லர் அறைக்குள் பெண்கள் வருவதில்லை. வாசலில் இருந்தவன் தடுத்தான், அவள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். வீரணன் வெற்று மார்பில் வியர்வை வழிய நின்றான். சூடு ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். எங்கோ ஒரு முறை சடக்கென்று சத்தம் கேட்டது. நரசிம்ம ராஜா அடுப்புப் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"பாக்குறியாக்கா?" என்று கேட்டுவிட்டு, வீரணன் கொக்கியால் அடுப்புக் கதவை இழுத்தான்.

அனல் முகத்தில் அறைந்தது. ஏசம்மாள் முந்தானையை வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். தன் கல் எது, சீமைக்கல் எது என்று தேடினாள். சந்தனமும் இல்லை, வெள்ளையும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. வளைவு முழுவதும் எங்கும் இளகாமல், ஒரே நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே வீரணன் அடுத்த கூடைக் கரியை வீசினான்.

"கதவச் சாத்தட்டுமா?" என்றான்.

"இரு" என்றாள் ஏசம்மாள், கண்ணை எடுக்காமல்.