ஒரு டயபிராம்தான் வந்தது

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை உட்துறைமுக வீதியில் நின்றுபோன கனகசுந்தரத்தின் மொறிஸ் மைனர் பிறகு எழும்பவேயில்லை. பெற்றோல் பம்புக்குள் இருக்கும் றப்பர்த் தகடு, டயபிராம் என்பார்கள், கிழிந்துபோயிருந்தது. அந்தக் காரைச் செய்வதையே கம்பனி விட்டு இருபது வருடமாகப் போகிறது. சாமானுக்கு எங்கே போவது?

அவனைப் போலவே ஸ்டாண்டில் வாடகைக்குக் கார் ஓடிய ஆனந்தராசாவிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அது மார்கழியிலேயே இதே வருத்தத்தில் படுத்துவிட்டது.

"உனக்கும் எனக்கும் ஒரே விதி மச்சான்" என்பான் ஆனந்தராசா. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பழைய இரும்புக் கடைகளை இருவருமாகவே சலித்தார்கள். மழைக்கோட்டை வட்டமாக வெட்டிப் பூட்டிப் பார்த்தார்கள். பெற்றோல் பட்டு இரண்டே நாளில் அது கூழாகிவிட்டது.

ஒரு டயபிராம் வாங்கி அனுப்பச் சொல்லி, லண்டனில் இருந்த தங்கை ஞானமணிக்குக் கனகசுந்தரம் எழுதினான். அவனுடைய ஒழுங்கைக்குள் ஆமிக்காரர் காவலுக்குச் சென்றிபொயின்ற் போட்ட பிறகு தபால்காரர் வருவதில்லை.

"என்ர விலாசத்தைக் குடு" என்றான் ஆனந்தராசா. பங்குனி போனது, சித்திரை போனது, ஒன்றும் வரவில்லை. "தபாலில எங்கயோ துலைஞ்சிட்டுது" என்று அவன் முகம் வாடியபோது, கனகசுந்தரம்தான் அவனைத் தேற்றினான்.

வைகாசியில் அவன் மனைவி பூரணி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஆனியில் சண்டை மறுபடி மூண்டது. பட்டணத்துச் சனம் நிலாவெளிப் பக்கம் ஓடத் தொடங்கிய காலையில் கனகசுந்தரம் நண்பனின் வீட்டுக்கு ஓடினான்.

"பூரணியால நடக்க ஏலாது. ஏதும் வழியிருக்கோ?"

"நானே பிள்ளையளோட நடக்கப் போறன். நீ முன்னால போ மச்சான்."

மனைவியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, முறிந்த காலைச் சாரத்துண்டால் சட்டத்தோடு கட்டி, உருட்டிக்கொண்டு புறப்பட்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடித்தாள். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் பின்னால் ஹோர்ன் சத்தம். ஒதுங்கினான். ஆனந்தராசாவின் கார். கூரையில் மெத்தை, முன்னால் மனைவியும் பிள்ளைகளும், பின் சீற்றில் தையல் மெசின். ஆனந்தராசா அவனைப் பார்த்தான். கார் நிற்கவில்லை.

"அது ஆனந்தராசா அண்ணையின்ர காரெல்லே?" என்றாள் பூரணி.

அவன் சைக்கிளை மறுபடி வீதிக்கு ஏற்றி உருட்டினான்.

பின்னேரம் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது கார் வேப்பமரத்தடியில் நின்றது. பூரணியை விறாந்தையில் கிடத்திவிட்டுப் போய்ப் பார்த்தான். டாஷ்போர்ட்டில் அடையாள அட்டைகள் திணித்த ஒரு மண்ணிற உறை. அதில் ஞானமணியின் கையெழுத்து: கனகசுந்தரம், மேற்பார்வை ஆனந்தராசா. தபால் முத்திரை பங்குனி மாதத்தது.

"ஒண்டுதான் வந்தது மச்சான்" என்றான் பின்னால் வந்து நின்ற ஆனந்தராசா. "ரெண்டெண்டா உனக்குத் தந்திருப்பன். இப்பிடி ஒரு நாள் வருமெண்டு தெரியும். அதுக்காகத்தான் காரை ஓடாமல் ஒளிச்சு வைச்சனான்."

"பின் சீற்றில இடமிருந்தது."



கனகசுந்தரம் பொனற்றைத் திறந்து, அவனிடமே ஸ்பனர் வாங்கி, பம்பைக் கழற்றினான். ஆனந்தராசாவின் மனைவி அழுதாள். ஆனந்தராசா தடுக்கவில்லை. டயபிராமை எடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெற்றுப் பம்பைச் சீற்றில் போட்டான்.

ஆவணியில் வீடு திரும்பினார்கள். கதவும் ஓடுகளும் போயிருந்தன. அவனுடைய கார் அப்படியே நின்றது. டயபிராமைப் பூட்டியதும் பம்ப் டிக் டிக்கென்று அடித்தது, எஞ்சின் பிடித்தது. பூரணியின் கால் வளைந்தே பொருந்தியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள்.

திரும்பும் வழியில் பூரணி கேட்டாள்: "எங்களை விட்டிட்டுக் காரில போனதை மன்னிச்சாலும் மன்னிக்கலாம். பயத்தில மனிசர் ஓடுறதுதானே?"

"அதில்லை பூரணி. சாமான் வந்த பிறகும் ரெண்டு மாசமா என்னோட கடை கடையா ஏறி இறங்கினவன். கொதிக்கிற வெயிலில எனக்குப் பக்கத்தில குந்தியிருந்து இரும்புக் குவியலைக் கிண்டினவன். வீட்டில அது இருக்குதெண்டு தெரிஞ்சுகொண்டு."

ஸ்டாண்டில் ஆனந்தராசா நின்றிருந்தான், கையை உயர்த்தினான். கனகசுந்தரம் கியரை மாற்றிக்கொண்டு போனான்.