பத்தில் மூன்று

குராமொச்சி டீச்சருக்கு அன்று காலை ஒரே ஒரு தப்பு விடை வேண்டியிருந்தது. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்பில் தப்புக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். அன்றைக்குப் பார்த்துப் பஞ்சம்தான்.

சுவரை ஒட்டியும் சன்னலை ஒட்டியும், அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்த வேறு பள்ளி ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். கறுப்புக் கோட்டு, காலில் வீட்டிலிருந்து பையில் எடுத்துவந்த செருப்பு, கையில் அவள் எழுதி அனுப்பிய பாடத்திட்டம். அதில் ‘பிள்ளைகள் சொல்லக்கூடிய விடைகள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு விடைகள் அச்சாகியிருந்தன. ஐந்தில் மூன்று. பத்தில் மூன்று. இரண்டாவது தப்பு. அந்தத் தப்பை ஒரு பிள்ளை எழுத வேண்டும், மற்றப் பிள்ளைகள் பேசிப் பேசி அதைத் திருத்த வேண்டும், டீச்சர் வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். பொதுப்பாடம் என்றால் அதுதான். தப்பை டீச்சரே எழுதிக் காட்டினால் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அறையில் இருந்த ஒரே விருந்தினர் நாற்காலியில் பேராசிரியர் ஹிதாகா உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் அடுத்த வசந்தத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் பள்ளியில் வேலை. அந்த வேலைக்காக அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று தீர்த்திருந்தாள்.

கணக்கு இதுதான். ஒரு புட்டியில் ஐந்தில் ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாறு. இன்னொரு புட்டியில் ஐந்தில் இரண்டு லிட்டர். சேர்த்தால் எவ்வளவு? பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். டீச்சர் மேசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தாள். ஐந்தில் மூன்று. அடுத்த மேசையிலும் ஐந்தில் மூன்று. அதற்கடுத்ததிலும் அதே. எல்லாம் சாயங்கால டியூஷன் செய்த வேலை. கரும்பலகையில் இடதுபக்கம் தப்புக்காக அவள் ஒதுக்கி வைத்திருந்த இடம் வெறுமையாக இளித்தது.

ஆனாலும் சயோ இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கும் கடைக்காரர் தோகாஷியின் மகள். டியூஷன் கிடையாது, கை தூக்கும் பழக்கமும் கிடையாது. கண்ணில் படும் எண்களையெல்லாம் கூட்டி வைக்கிற பிள்ளை. அவளை நம்பித்தான் பாடத்திட்டமே எழுதப்பட்டது. கைக்கு எட்டும்படி போன வாரமே அவளை நடைவழி ஓரத்து மேசைக்கு மாற்றியும் ஆயிற்று.

சயோவின் தாளை டீச்சர் எட்டிப் பார்த்தாள். ஐந்து பட்டைகள் வரைந்து, மூன்றுக்கு வண்ணம் தீட்டி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஐந்தில் மூன்று என்று எழுதியிருந்தாள்.

"யாரு சொல்லிக்குடுத்தா?" என்று குனிந்து கிசுகிசுத்தாள் டீச்சர்.

"அப்பா, டீச்சர். தோஃபுவ அஞ்சா வெட்டிக் காட்டினாரு. ஒரு துண்டும் ரெண்டு துண்டும் சேந்தா மூணு துண்டு. கீழ இருக்கிற அஞ்சு துண்டோட சைஸாம், அது மாறாதாம்." சயோவின் முகம் மலர்ந்திருந்தது. "நான் கை தூக்கட்டுமா? இன்னிக்கித் தூக்குவேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

வேறொருத்தியாக இருந்தால் அந்தப் பிள்ளையை அப்படியே அணைத்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதம் முட்டிமோதியும் தன்னால் முடியாததை ஒரு தோஃபு கத்தி செய்துவிட்டதே என்றல்ல. அதை இன்றைக்குப் பார்த்தா செய்ய வேண்டும் என்று.

"நல்லாப் பாரு சயோ. மேல ஒண்ணும் ரெண்டும் இருக்கு, கூட்டினே. கீழயும் ஒரு அஞ்சு, இன்னொரு அஞ்சு இருக்கே? அத என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்படியே விட்டுட்டியா?"

சயோ தாளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "அதையும் கூட்டணுமா, டீச்சர்?"

"நான் சொல்ல மாட்டேன். நீயே யோசி."

பொய் சொல்லவில்லை என்று பின்னால் பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள் குராமொச்சி. வாஸ்தவம்தான், பொய்யாக ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பானாலும் இருக்கட்டும் என்பது அவள் வகுப்பின் சட்டம். அவளே தன் பையிலிருந்து ரப்பரை எடுத்து சயோவின் மேசையில் வைத்தாள். பிள்ளை அழித்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் தாள் ஓரமாகக் கிழிந்தது. பத்தில் மூன்று என்று எழுதினாள்.

"யாரு முன்னால வந்து எழுதறீங்க?" என்று டீச்சர் கேட்டதும் அறை முழுக்கக் கைகள் எழுந்தன. சயோவின் கை மேசைமேல் கிடந்தது. "சயோ, வாம்மா" என்றாள் டீச்சர்.

கரும்பலகையின் இடதுபக்கம் நிரம்பியது. வலதுபக்கம் இன்னொரு பிள்ளை வந்து ஐந்தில் மூன்று என்று எழுதியது. கோட்டுக்காரர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்து, அச்சில் இருந்தபடியே நடக்கிறது என்று தலையாட்டினார்கள்.

பிறகு பெயர் வில்லைகள். அவரவர் பெயர் எழுதிய காந்த வில்லையைத் தனக்குச் சரி என்று படுகிற விடையின் கீழே கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஐந்தில் மூன்றின் கீழே இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சயோ கடைசியாக வந்தாள். அவள் கையும் வலதுபக்கம்தான் போனது. பாதியில் நின்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் இடதுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சயோ அங்கே ஒட்டினாள். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

"டீச்சர்!" டியூஷன் சூரன் ரெய்ஜி துள்ளி எழுந்தான். "அஞ்சுல ரெண்டே கிட்டத்தட்டப் பாதி லிட்டரு. பத்துல மூணு அதவிடக் கம்மி. ரெண்டு புட்டியையும் சேத்தா கூடணுமா, குறையணுமா? மிச்சம் எங்க போச்சு?"

"சயோ குடிச்சிட்டாடா!" என்றது பின்வரிசை.

வகுப்பு உருண்டு சிரித்தது. கோட்டுக்காரர்களும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே குறிப்பும் எடுத்தார்கள். சயோவும் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

டீச்சர் லிட்டரை ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்ட கண்ணாடிக் குவளைகளில் நிஜச் சாற்றையே ஊற்றிக் காட்டினாள். மூன்றாவது கோட்டில் வந்து நின்றது. "இப்ப என்ன தோணுது, சயோ?"

"நான் மொதல்ல அஞ்சுல மூணுன்னுதான்..."

"தப்பு பண்ணினாத்தான் கத்துக்க முடியும்!" டீச்சரின் குரல் கணீரென்று அவள் குரலை மூடியது. "தைரியமாத் தப்பு எழுதின சயோவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். ரெய்ஜி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

பிற்பகல் கலந்துரையாடலில் பேராசிரியர் ஹிதாகா, அந்தக் குழந்தையின் தப்புதான் இன்றைய பாடத்தின் உயிர் என்றார். அதை இவ்வளவு இயல்பாக வெளியே கொண்டுவர ஒரு தேர்ந்த கை வேண்டும் என்றார். அடுத்த வாரம் கழித்தலையும் இதே வகுப்பில் பார்க்க ஆசை, பல்கலைக்கழகப் பள்ளி முதல்வரையும் அழைத்து வருகிறேன் என்றார். குராமொச்சி இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது உண்மையான கண்ணீர்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

வெளியே வந்தபோது காலணி அலமாரிகளுக்குப் பக்கத்தில் சயோ தனியாக நின்றிருந்தாள். டீச்சர் அருகே போனாள்.

"இன்னும் வீட்டுக்குப் போகலியா? அப்பாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"மறந்துபோச்சுன்னு சொல்லிடறேன்."

டீச்சருக்கு மூச்சு வந்தது. "நல்ல பொண்ணு."

"டீச்சர், அவங்கள்ளாம் மறுபடி வருவாங்களா?"

"அடுத்த வாரம் வருவாங்க. கழித்தல் பார்க்க. அஞ்சுல நாலுலருந்து அஞ்சுல ஒண்ணு போனா எவ்வளவுன்னு."

சயோ கொஞ்சம் யோசித்தாள். கோபமாகவும் இல்லை, அழுகிற மாதிரியும் இல்லை. கடையில் எத்தனை வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அதுக்கு எந்தத் தப்ப எழுதணும் டீச்சர்? இப்பவே சொல்லிட்டீங்கன்னா அழிக்க வேண்டியதில்ல."

குராமொச்சி டீச்சர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நடையில் யாரும் இல்லை. குனிந்து பிள்ளையின் காதருகே வாயை வைத்தாள்.

"மேல மூணு. கீழ சைபர்."